மருத்துவர் பதில்கள்: ஏற்றிய இரத்தம் எங்கே போகிறது?

நாட்பட்ட இரத்த சோகையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை இரத்தம் ஏற்றுவதைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சிவப்பணுக்களில் இருந்து உயிர்வளியைச் சுமக்கும் பொருளான ஹீமோகுளோபினின் அளவுகள் யாவும், மருத்துவமனை அறிக்கையில் உள்ளவாறே, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கில் தரப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் தாயாருக்கு வயது 62. பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். எடை 60 கிலோ. நீரிழிவினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. ஹீமோகுளோபின் 6.4 ஆக இறங்கியதால் இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள், 8.8 ஆனது. ஆறு வாரம் கழித்துச் சோதித்தால் 7.3 என்கிறார்கள். எங்கும் இரத்தம் கசியவில்லை என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் ஏற்றிய இரத்தம் எங்கேதான் போயிற்று?

பதில்: உங்கள் தாயாருக்கு ஏற்றிய இரத்தம் வீணாகவில்லை, அது தன் ஆயுளை வாழ்ந்து முடித்துக்கொண்டிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள, அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று இரத்த சோகைக்கு ஏற்றப்படுவது பெரும்பாலும் முழு இரத்தம் அன்று. கொடையாளரிடமிருந்து பெற்ற இரத்தத்தில் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு, சிவப்பணுக்களை மட்டும் செறிவாக்கி, அவை கெடாமலிருக்க ஒரு கரைசலைச் சேர்த்து, 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருப்பார்கள். அத்தகைய ஒரு பையில் ஏறக்குறைய 50 முதல் 60 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம், அதாவது 50 டெசிலிட்டர், ஓடுகிறது. ஐம்பது சொச்சம் கிராமை ஐம்பது டெசிலிட்டரில் பரப்பினால் டெசிலிட்டருக்கு ஒரு கிராம் கூடும். 'ஒரு பைக்கு ஒரு கிராம்' என்று வார்டில் சொல்லும் கணக்கு இவ்வாறு வந்ததே. உங்கள் தாயாரின் உடலில் இரத்தத்தின் அளவு நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால், இரண்டு பையில் அவருக்கு 2.4 கூடியது எதிர்பார்த்த அளவுதான். அவரைவிட ஒல்லியான ஒருவருக்கு அதே இரண்டு பை இன்னும் அதிகமாக உயர்த்தியிருக்கும்.

இந்த எண் ஓர் அடர்த்தியைக் காட்டுகிறதே தவிர, மொத்த அளவைக் காட்டுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே அளவு தேயிலைச் சாயத்தில் அரைக் கோப்பை வெந்நீர் கூடினால் தேநீர் வெளிறுகிறது, சாயம் குறைந்துவிடவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் நீர் தங்குவது வழக்கம். கால் வீங்கியிருந்த நாளில் எடுத்த சோதனையும், நீர் வற்றிய நாளில் எடுத்த சோதனையும் சிறிது வேறுபட்டால், அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு நீரினால் வந்ததாக இருக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் உடலில் பிறக்கும் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஆகவே நாள்தோறும் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு அழிகிறது. எலும்பு மஜ்ஜை அதே அளவைப் புதிதாக உண்டாக்கி ஈடுசெய்கிறது. கொடையாளரின் இரத்தத்திலோ நேற்றுப் பிறந்த அணுவும் இருக்கும், நூறு நாள் கடந்த அணுவும் இருக்கும். அதன் பிறகு அந்தப் பை குளிர்பெட்டியில் சில வாரம் இருந்திருக்கலாம்; உரிய கரைசலில் 42 நாள் வரை வைத்திருக்க முடியும். இவற்றில் தளர்ந்துபோன அணுக்களை ஏற்றிய முதல் நாளிலேயே மண்ணீரலும் கல்லீரலும் வடிகட்டிவிடுகின்றன. எஞ்சியவற்றின் சராசரி ஆயுள், புதிதாகப் பிறந்த அணுவின் ஆயுளில் பாதியளவே என்று கொள்ளலாம். ஆறு வாரத்தில் அவற்றில் கணிசமான பங்கு முடிந்திருக்கும்.

வேறொருவராக இருந்தால் மஜ்ஜை அந்த இடத்தை நிரப்பியிருக்கும். உங்கள் தாயாருக்கு அது நடக்கவில்லை. அவருடைய நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. சிவப்பணுக்களை உண்டாக்குமாறு மஜ்ஜைக்கு ஆணையிடும் எரித்ரோபொயட்டின் என்னும் சுரப்பை உண்டாக்குவது பெரும்பாலும் சிறுநீரகமே. சிறுநீரகம் நலிந்தால் அந்த ஆணையும் நலிகிறது; மஜ்ஜை நன்றாக இருந்தும் சும்மா இருக்கிறது. வெளியிலிருந்து எத்தனை பை கொண்டுவந்து ஏற்றினாலும் இந்தக் குறை தீராது. அதனால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கு எரித்ரோபொயட்டினை ஊசியாகத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். ஆனால் அந்த ஊசி வேலை செய்ய உடலில் இரும்புச் சத்து போதிய அளவு இருக்க வேண்டும். அதற்காக, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதலிய சோதனைகளைச் செய்து, தேவையானால் இரும்பை மாத்திரையாகவோ நரம்பு வழியாகவோ தருவார்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, "எத்தனை பை ஏற்ற வேண்டும்?" என்று கேட்பதோடு நிற்காமல், "அம்மாவின் இரும்பு இருப்பு எவ்வளவு, ஊசி தொடங்கலாமா?" என்றும் கேளுங்கள். ஊசி போடும்போது இரத்த அழுத்தத்தைக் கவனித்துவர வேண்டும். ஹீமோகுளோபினை இயல்பான அளவாகிய 13, 14 வரை கொண்டுபோவதும் நோக்கமில்லை. அவ்வளவு உயர்த்தினால் பக்கவாதம் போன்ற ஆபத்துகள் கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் எண்ணம் இருந்தால், தவிர்க்கக்கூடிய இரத்தமேற்றலைத் தவிர்ப்பதே நல்லது. பிறரின் அணுக்களைப் பார்க்கப் பார்க்க, உடல் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது; பின்னால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகிவிடும்.

கேள்வி: நான் செம்பனைத் தோட்டத்தில் ஒப்பந்த வேலை செய்கிறேன். என் மனைவிக்கு வயது 38. மாதவிலக்கு மிகுதியாகப் போகிறது; கருப்பையில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 6.8 இருந்தது, படியேறினாலே மூச்சு வாங்கியது. ஒரே ஒரு பை ஏற்றிவிட்டு, இரும்பு மாத்திரை கொடுத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு மூன்று பை ஏற்றினார்கள். ஏழைகள் என்பதால் குறைத்துவிட்டார்களோ?

பதில்: உங்கள் மனத்தாங்கல் புரிகிறது, தம்பி, ஆனால் உங்கள் மனைவிக்குச் செய்தது சரியான வைத்தியம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஒருவேளை அப்போதே இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கலாம். அவருடைய கணக்கு வேறு.

ஒரு காலத்தில் ஹீமோகுளோபின் 10க்குக் கீழ் இறங்கினாலே இரத்தம் ஏற்றும் பழக்கம் இருந்தது. அது தேவைதானா என்று கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1999ஆம் ஆண்டு வெளியானது. 7க்குக் கீழ் இறங்கினால் மட்டும் ஏற்றுவது என்று காத்திருந்த பிரிவில், தாராளமாக ஏற்றிய பிரிவைவிட இறப்பு அதிகமாக இல்லை. அதன்பின் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்லின. இன்று நிலைமை சீராக உள்ள நோயாளிக்கு 7 என்பதும், இதய நோய் உள்ளவருக்கு 8 என்பதும் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லைகள். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் இல்லை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தலைச்சுற்றல் ஆகியவை எந்த அளவில் இருக்கின்றன என்பதும் சேர்த்துப் பார்க்கப்படும். ஒரு பை ஏற்றி, மறுபடி நோயாளியைப் பார்த்து, பிறகே இரண்டாவதைப் பற்றி யோசிப்பதுதான் இப்போதைய முறை.

நாட்பட்ட இரத்த சோகையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மனைவியின் ஹீமோகுளோபின் ஒரே நாளில் 6.8க்கு வந்துவிடவில்லை, பல மாதமாக மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. அதற்கேற்ப இதயம் வேகமாக இயங்கவும், அணுக்கள் குறைந்த இடத்தைப் பிளாஸ்மா நிரப்பவும் உடல் பழகிவிட்டது. இரத்தக் குழாய்களில் அளவு குறையாத நிலையில், மேலும் இரண்டு மூன்று பையை அவசரமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வயதானவர்களுக்கும், இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு பையை மூன்று நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், சிலருக்கு நடுவில் சிறுநீர் பெருக்கும் ஊசி போடுவதும் இதற்காகவே.

மாத்திரைக்கு வருகிறேன். ஒரு பை இரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் வருகிறது. ஹீமோகுளோபின் இந்த அளவுக்கு இறங்கிய ஒரு பெண்ணுக்குக் குறைந்துபோன இரும்பு ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல் இருக்கும். ஆக, அந்த ஒரு பை மூச்சு வாங்கலைத் தணித்து அவரை ஆபத்திலிருந்து மீட்டது. மீதியை ஈடுகட்ட வேண்டியது மாத்திரையே. ஒழுங்காகச் சாப்பிட்டால், இரத்தப்போக்கும் கட்டுக்குள் இருந்தால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் ஹீமோகுளோபின் ஏறும். இயல்பான அளவை எட்டிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். அதன்பிறகே உடலின் சேமிப்பு நிரம்பும். நம் பெண்களில் பலர் எண் 11 ஆனதும் மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்; ஆறு மாதம் கழித்து அதே மூச்சு வாங்கலோடு வருகிறார்கள். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருந்தாளரைக் கேளுங்கள்.

சாப்பாடு முடிந்த கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போன ஒன்று. தேயிலையில் உள்ள பொருள்கள் இரும்பைக் குடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மாத்திரைக்கும் தேநீருக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரையோடு ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கருப்பைக் கட்டிக்கான பெண்நோய் மருத்துவரின் தேதியைத் தவறவிடாதீர்கள். வேலை நாள் போகிறது என்று அதை ஒத்திப்போட்டால், ஒவ்வொரு மாதமும் ஏறியது மறுபடி இறங்கும்.

கேள்வி: முருங்கைக்கீரை, பீட்ரூட், மாதுளை ஆகியவற்றைத் தினமும் கொடுத்தால் இரத்தம் ஏற்றாமல் தப்பிக்க முடியுமா? இரவுச் சந்தையில் 'இரத்தம் ஊறும்' என்று ஒரு டானிக்கும் விற்கிறார்கள்.

பதில்: உணவு நல்லது, கொடுங்கள். ஆனால் கீரையில் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்கே உடலில் சேர்கிறது. ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்து கூடுதலாகச் சேரும். பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் உறவில்லை. 6, 7 என்று இறங்கிவிட்டவரைச் சமையலறையிலேயே மீட்டுவிடலாம் என்று காத்திருக்காதீர்கள். என்ன இருக்கிறது என்று புட்டியில் எழுதப்படாத டானிக்கை, அதுவும் சிறுநீரக நோயாளிக்கு, தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஏழு வயது மகனுக்குத் தலசீமியா மேஜர். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈப்போவுக்கு அழைத்துச் சென்று இரத்தம் ஏற்றுகிறோம். சோர்ந்து விழுந்தால் மட்டும் போனால் போதாதா? இரும்பை வெளியேற்றும் மாத்திரையையும் தருகிறார்கள். இரத்தம் குறைந்த பிள்ளைக்கு எதற்காக இரும்பை எடுக்க வேண்டும்? இது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் வரும் நோய் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோயான தலசீமியா, நம் மலேசிய நாட்டில் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் இந்திய வம்சாவளியினரிடமும் இது உண்டு. இந்தியாவிலும் இது பலருக்கு உள்ள நோய். பெற்றோர் இருவரும் நோயின் கூறைச் சுமப்பவர்களாக இருந்தால் எந்த இனத்திலும் பிள்ளைக்கு வரலாம். பார்வைக்கு இருவரும் நலமாகவே இருப்பார்கள். இதற்காகவே நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியில் சோதனை செய்கிறார்கள். அந்தச் சோதனைக்கான ஒப்புதல் தாள் வீட்டுக்கு வந்தால் மறுக்காமல் கையெழுத்திடுங்கள். உங்கள் மற்றப் பிள்ளைகளையும் சோதித்துவிடுவது நல்லது.

இந்த நோயில் இரத்தமேற்றலின் வேலை மற்ற நோய்களில் உள்ளதினும் சற்று வேறு. உங்கள் மகனின் மஜ்ஜை சும்மா இருக்கவில்லை. ஓயாமல் உழைத்து, உருப்படாத அணுக்களைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. ஹீமோகுளோபின் இறங்க இறங்க, அது வெறிகொண்டதுபோல் பெருகி, முக எலும்பையும் மண்டையோட்டையும் விரிக்கும், மண்ணீரல் வீங்கும், வளர்ச்சி தடைப்படும். ஏற்றும் முன்னரே ஹீமோகுளோபின் 9க்கும் 10க்கும் இடையில் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், அந்த வீண் உழைப்பு அடங்குகிறது. பிள்ளை சோர்ந்து விழும்வரை காத்திருந்தால், பலன் கிட்டாமல் ஊசிக்குத்து மட்டும் மிஞ்சும். அவன் ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே அழைத்துச் செல்வதில்தான் பயன்.

இரும்பைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. இரண்டாம் கடிதத்தில் வந்த பெண்ணுக்கு இரும்பு இல்லாததால் இரத்தம் குறைந்தது. உங்கள் மகனுக்கு இரும்புக்குக் குறைவே இல்லை, ஹீமோகுளோபினின் புரதம்தான் சரியாக உருவாகவில்லை. ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவன் உடலில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு சேர்கிறது. உடலோ நாளுக்கு ஒரு மில்லிகிராம் அளவே இழக்கிறது. மிச்சத்தை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. இரண்டு ஆண்டுக்குள், வளர்ந்த ஆணின் உடலில் இருக்க வேண்டிய மொத்த இரும்பைவிட அதிகம் அந்தச் சிறு உடலில் குவிந்துவிடும். அது கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் வளர்ச்சிச் சுரப்பிகளிலும் படியும். வெளியே ஒன்றும் தெரியாது. பருவமடைதல் தாமதமாகும்போதோ, நீரிழிவு வரும்போதோ, இதயத் துடிப்பு தவறும்போதோதான் தெரியவரும். அந்த நிலை வராமல் காப்பது அந்த மாத்திரையே.

முன்பெல்லாம் டெஸ்ஃபெரியோக்சமைன் மருந்தைச் சிறு பம்பில் நிரப்பி, வாரத்தில் ஐந்து ஆறு இரவு, விடிய விடியத் தோலுக்கடியில் செலுத்த வேண்டியிருந்தது. இன்றும் சிலருக்கு அது தேவைப்படுகிறது. டெஃபெராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் ஆகிய வாய்வழி மருந்துகள் வந்தபின் பிள்ளைகளின் இரவு கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது. இவற்றுள் டெஃபெரிப்ரோன் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், 'சாதாரணச் சளி' என்று இருந்துவிடாமல் அன்றைக்கே வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும். அம்மருந்து சிலருக்கு அவற்றை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். மருத்துவர் சொல்லாமல் இரும்புச் சத்து சேர்த்த பால்மாவையும் டானிக்கையும் இவனுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கும் எனக்கும் ஒரே இரத்தப் பிரிவு. வெளியார் இரத்தம் எதற்கு? அவனிடமிருந்து நேராக எனக்கு ஏற்றக் கூடாதா?

பதில்: சொந்த இரத்தம் பாதுகாப்பானது என்று நினைப்பது இயல்பு, அம்மா, உண்மை அதற்கு மாறானது. நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்கள் உங்கள் உடலோடு ஓரளவு ஒத்திருப்பதால், உடல் அவற்றை அந்நியமாக உணராமல் விட்டுவிட, அவை தங்கிப் பெருகி உங்கள் உறுப்புகளையே தாக்கக்கூடும். அரிதே என்றாலும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. ஆகவே உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றுவதில்லை. யாரென்று தெரியாத தன்னார்வக் கொடையாளரின் இரத்தம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்ட பிறகே உங்களுக்கு வருகிறது. மகனின் நல்ல மனத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த இரத்ததான முகாமில் அவர் பொதுவாகக் கொடுக்கட்டும். அதற்கு அவருடைய ஹீமோகுளோபின் போதிய அளவு இருக்க வேண்டும்.

கேள்வி: பாட்டியை வார்டில் சேர்த்திருந்தபோது, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தாதியர் திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லைப்படுத்தினர். இரத்தம் ஏறும்போது பாட்டிக்குக் குளிர் நடுக்கம் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது அடுத்த முறைக்கு வர மறுக்கிறார்.

பதில்: அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாறிப்போன இரத்தத்தால் வரும் விபத்துகளில் பெரும்பாலானவை சோதனைக்கூடத்தில் நேர்வதில்லை. பெயர் ஒட்டுவதிலும் கட்டிலருகிலும் நேர்கின்றன. நம் வட்டாரத்தில் ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிமார் இருப்பது அதிசயமா? தந்தை பெயரும் ஒன்றாகவே இருந்துவிட்டால், அடையாள அட்டை எண்தான் அவர்களைப் பிரித்துக்காட்டும். ஒரு தாதி பையின் சீட்டைப் படிக்க, இன்னொருவர் கைப்பட்டையைப் படிக்க, இருவரும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே குழாயைத் திறக்கிறார்கள். பாட்டி காது மந்தமானவராக இருந்தால் அந்த நேரத்தில் வீட்டார் ஒருவர் அருகில் இருங்கள்.

நடுக்கம் பல காரணத்தால் வரும். கொடையாளரின் வெள்ளணுக்களாலோ அவை வெளிவிட்ட பொருள்களாலோ வரும் காய்ச்சலே பெரும்பாலும் காரணம். அது தானாக அடங்கும். பொருந்தாத இரத்தமும் அதே நடுக்கத்தோடுதான் தொடங்கும் என்பதால், எது என்று தெரியும்வரை நிறுத்தியது சரியே. இந்த அனுபவம் பாட்டியின் பதிவில் இருக்கிறதா என்று கேட்டு, அடுத்த முறை தொடங்குமுன் நீங்களே நினைவூட்டுங்கள். வெள்ளணு நீக்கிய இரத்தத்தைத் தர வாய்ப்புண்டு. ஏறும்போது இடுப்பு வலி, மூச்சுத் திணறல், அரிப்பு, இனம்புரியாத அச்சம் எதுவந்தாலும் மணியை அழுத்தச் சொல்லுங்கள். முதல் பதினைந்து நிமிடம் மிக முக்கியமானது.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் கவனம் தேவை. முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பல பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஆகியோரின் உடலில், பழைய எதிர்ப்பொருள் ஒன்று சோதனையில் சிக்காத அளவு மறைந்திருந்து, புதிய அணுக்களைக் கண்டதும் விழித்தெழக்கூடும். ஐந்து, பத்து நாள் கழித்துக் கண் மஞ்சளாகி, சிறுநீர் கோப்பி நிறத்தில் போய், ஏறிய ஹீமோகுளோபின் விறுவிறுவென்று இறங்கினால், காமாலைக்கு வேரைத் தேடி அலையாமல், இரத்தம் ஏற்றிய மருத்துவமனைக்கே சென்று, ஏற்றிய தேதியைச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் இன்னதென்று கண்டறிந்து அட்டை ஒன்று தந்தால், அதைப் பாட்டியின் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள். வேறு ஊர் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.